கிராவல் பைக்கை எதை வைத்துத் தடுப்பது?

சரளைக்கல் ரோட்டுக்கென்று செய்த சைக்கிளான கிராவல் பைக்கின் சக்கரத்தைக் கழற்றி, டயரை உருவிவிட்டு ரிம்மை அளந்தால், டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. வரும். பக்கத்தில் ஒரு மவுண்டன் பைக் நின்றால் அதையும் அளந்து பாருங்கள். இப்போது போட்டிகளில் ஓடும் 29 அங்குலச் சக்கரம் என்றால் அதுவும் 622தான். சாலைப் பந்தயக்காரர்கள் 700சி என்று சொல்வதும் இதே வளையத்தைத்தான். மூன்று பெயர், ஒரே ரிம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. மவுண்டன் பைக் பந்தயத்தில் கிராவல் பைக்கை விடலாமா என்று பேச்சு எடுத்தாலே, இரண்டும் மாடும் குதிரையும் போல வேறு வேறு பிறவிகள் என்று வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசுகிறார்கள். "விடலாம்" என்பவரும் அப்படித்தான், "கூடவே கூடாது" என்பவரும் அப்படித்தான். விதி எழுத உட்காருகிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். "கிராவல் பைக்குக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி எழுதிவிடலாம். அப்புறம் போட்டியன்று காலையில், வரிசையில் நிற்கும் சைக்கிளில் எது கிராவல் பைக் என்று அந்த வரியை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் பில்லில் எழுதிக் கொடுத்த பெயரை வைத்தா?

பொதுவாக எதைச் சொல்கிறோம் என்பதில் குழப்பமில்லை. கிராவல் பைக் சரளைக்கல் ரோட்டுக்கென்று வந்தது. சாலை சைக்கிளின் சாயல் இருக்கும். ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி முன்னே போய்க் கீழே வளையும் ஹேண்டில்பார், டிராப் பார் என்பார்கள். டயர் மட்டும் கொஞ்சம் புஷ்டி, பெரும்பாலும் 40லிருந்து 50 மி.மீ. வரை. தாரும் மண்ணும் மாறி மாறி வரும் நீண்ட தூரத்துக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. மவுண்டன் பைக்குக்கு அகலமான நேர் ஹேண்டில்பார், முன்சக்கரத்தைத் தாங்கியபடி 100லிருந்து 120 மி.மீ. வரை அமுங்கி எழும் ஃபோர்க், இப்போதெல்லாம் பின்னாலும் சஸ்பென்ஷன், கிட்டத்தட்ட 60 மி.மீ. டயர். இங்கே நான் பேசுவது ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ் கன்ட்ரி பந்தயத்தையும் அதன் நீண்ட தூர வகையான மாரத்தானையும் பற்றி மட்டும். மலையுச்சியிலிருந்து நேராகக் குதித்து இறங்கும் டவுன்ஹில்லுக்குக் கிராவல் பைக்கோடு வருகிறேன் என்று யாரும் மனு போடப்போவதில்லை. போட்டால் விதி எதற்கு, வீட்டில் இருப்பவர்களே தடுத்துவிடுவார்கள்.

சரி, அளவுகளை வைத்துத் தடுக்க முடியுமா என்று பார்ப்போம். சைக்கிள் விளையாட்டில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில், சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் விதிப்படி டயர் 33 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதிகாரிகள் ஒரு சின்ன அளவுகோலை டயர் மேல் வைத்துப் பார்ப்பார்கள். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் வேறு சக்கரம். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. இதைத் தலைகீழாக்கி, மவுண்டன் பைக் பந்தயத்தில் டயர் இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று வைத்தால் என்ன?

எந்த அளவு என்பதில்தான் மாட்டிக்கொள்வோம். 45 மி.மீ. என்று வைத்தால் இன்றைய கிராவல் பைக்குகள் பலவும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும். 55 என்று வைத்தால், 1990களில் உலகத் தரப் பந்தயங்களில் ஓடிய மவுண்டன் பைக்குகள் பலவற்றை வெளியே நிறுத்த வேண்டிவரும். அவற்றில் 1.9 அங்குல டயர் சர்வசாதாரணம், அதாவது 48 மி.மீ. எதிர்ப்பக்கத்திலிருந்தும் கோடு அழிந்துகொண்டு வருகிறது. கல் நிறைந்த பாதையில் அகல டயர்தான் குறைவாக அதிர்ந்து வேகமாக உருளும் என்று கண்டுகொண்ட கிராவல் பந்தயக்காரர்கள், தங்கள் சைக்கிளிலேயே 2.1, 2.2 அங்குல மவுண்டன் பைக் டயரை மாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

சஸ்பென்ஷனை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். சஸ்பென்ஷன் கட்டாயம் என்றால், அமுங்காத இரும்பு ஃபோர்க்கோடு ஓட்டுவதில் பெருமைப்படும் ஒரு கூட்டம் காலங்காலமாக இருக்கிறதே, அவர்களை என்ன செய்வது? அந்தப் பக்கம் கிராவல் பைக்குக்கென்றே சஸ்பென்ஷன் ஃபோர்க் வந்துவிட்டது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 2021இல் விற்பனைக்கு விட்ட ரூடி ஃபோர்க் 30 அல்லது 40 மி.மீ. அமுங்கும். ஃபிரேமின் கோணத்தைப் பார்க்கலாம் என்றால் அது இன்னும் வேடிக்கை. இன்றைய கிராஸ் கன்ட்ரி மவுண்டன் பைக்கில் முன் ஃபோர்க் தரையோடு 67 டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருக்கிறது. கிராவல் பைக்கில் 71ஐ ஒட்டி, கொஞ்சம் நிமிர்ந்து. அந்த 71 டிகிரி எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால் ஆச்சரியமில்லை, 1990களின் மவுண்டன் பைக்குக்கு அதுதான் பழக்கமான கோணம். ஒரு தலைமுறைக்கு முந்தைய மவுண்டன் பைக்கைப் பாதி தூசி தட்டி, பாதி மறந்துபோய்ச் செய்ததுதான் இன்றைய கிராவல் பைக் என்று சொன்னால் இரண்டு தரப்புக்கும் கோபம் வரும். ஆனால் அளவுகள் அப்படித்தான் சொல்கின்றன.

ஆக, கண்ணால் பார்த்தே சட்டென்று பிரிக்கக்கூடிய பாகம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஹேண்டில்பார். யு.சி.ஐ.யின் மவுண்டன் பைக் விதிகளும் அங்கேதான் கைவைக்கின்றன, சாலை சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாருக்கு அவற்றில் இடமில்லை. உருவத்தை வைத்து வாசலை அடைப்பது இந்தச் சங்கத்துக்குப் புதிதும் இல்லை. 1933இல் பிரான்சுவா ஃபோர் என்பவர் படுத்தபடி ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 1914இலிருந்து நின்ற சாதனையைத் தாண்டினார். அடுத்த வருஷமே பந்தய சைக்கிள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யு.சி.ஐ. ஒரு வரையறை போட்டது, படுக்கை சைக்கிள் அதற்கு வெளியே போய்விட்டது. அதில் பாதுகாப்புப் பேச்சே கிடையாது. வேகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான் அதன் குற்றம்.

டிராப் பார் விஷயம் அந்த அளவுக்கு அநியாயமா? அதைத் தெரிந்துகொள்ள ஓர் இறக்கத்தில் கொஞ்ச நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் மண்சுவர், வலது பக்கம் சரிவு. வேர்களும் முழங்கை அளவு கற்களும் கிடக்கின்றன. மவுண்டன் பைக்கில் இறங்குகிறவர் சீட்டை விட்டு எழுந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கைகளை வெளியே விரித்து நிற்கிறார். மூன்று விரல்களும் கட்டைவிரலும் பாரை வளைத்துப் பிடித்திருக்கின்றன. ஆள்காட்டி விரல் மட்டும் பிரேக் லீவரின் நுனியில். நுனியில் இருப்பதால் ஒரு விரலே போதும், சக்கரத்தை நிறுத்திவிடலாம். பாரின் அகலம் 760 மி.மீ. என்று வைப்போம். முன்சக்கரம் ஒரு கல்லில் பட்டு இடதுபக்கம் திரும்பப் பார்க்கிறது. கைகள் அகலமாக இருப்பதால் அந்தத் திருகலை லேசாக அடக்கிவிடுகின்றன.

அதே இடத்தில் டிராப் பார். அகலம் 440 மி.மீ. அதே திருகலை அடக்க ஒவ்வொரு கையும் ஏறக்குறைய 1.7 மடங்கு பலம் போட வேண்டும், எளிய நெம்புகோல் கணக்கு. இதைவிடப் பெரிய பிரச்சினை, கை எங்கே இருக்கிறது என்பது. பழக்கமில்லாதவர் பிரேக் லீவர் பொருத்தியிருக்கும் மேல் முனையில்தான் உள்ளங்கையை வைத்திருப்பார். அங்கிருந்து லீவரைப் பிடித்தால், அது சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் விரல் விழுகிறது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு தள்ளினாலும் அசையாது. போதாததற்கு, கீழே இருந்து ஒரு குத்து வந்தால் உள்ளங்கை முன்னால் நழுவிவிடும், தடுக்க ஒன்றும் கிடையாது. சரி, கையை வளைவுக்குள் கீழே கொண்டுபோகலாம். அங்கே பிடி கெட்டி, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உடம்பு குனிந்து முன்னால் போய்விட்டது. செங்குத்தான இறக்கத்தில் பின்னால் சாய வேண்டிய உடம்பு முன்சக்கரத்தின் மேல் கவிழ்ந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவையும் மீறி அழகாக இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தார்கள் என்பதற்கு மவுண்டன் பைக்கின் சொந்த வரலாறே சாட்சி. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் இந்த விளையாட்டு தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் நோர்பா சங்கம் நடத்திய தேசியப் பட்டத்தை ஜாக்கி ஃபீலன் 1983, 84, 85 என்று மூன்று முறை வென்றார். அவர் ஓட்டியது சார்லி கன்னிங்ஹாம் அலுமினியத்தில் செய்து கொடுத்த சைக்கிள், பெயர் ஓட்டோ. அதில் இருந்தது டிராப் பார். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் யு.சி.ஐ.யின் முதல் மவுண்டன் பைக் உலகப் போட்டி நடந்தபோது, அன்றைய நட்சத்திரம் ஜான் டோமாக் டிராப் பார் மாட்டிய சைக்கிளோடு வந்து நின்றார். அந்த வருஷம் அவர் சாலைப் பந்தய அணியிலும் ஓட்டிக்கொண்டிருந்தார், இரண்டு சைக்கிளிலும் உடம்பு ஒரே மாதிரி உட்கார வேண்டும் என்று நினைத்தார். அதனால் "டிராப் பார் மாட்டினால் அது மவுண்டன் பைக்கே இல்லை" என்று யாராவது பரம்பரைப் பெருமை பேசினால், அந்தப் பரம்பரையின் தொடக்கத்திலேயே டிராப் பார் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த உதாரணத்தைத் தூக்கிப் பிடிக்கும் கிராவல் பைக் அபிமானிகள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கன்னிங்ஹாம் வழிவந்த அந்த மண்பாதை டிராப் பார்கள் மேலே உயர்த்திக் கட்டப்பட்டவை. வளைவின் கீழ்ப்பகுதியே, நேர் பார் இருந்திருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ ஏறக்குறைய அங்கே வரும். இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். ஓட்டுகிறவர் கை எப்போதும் வளைவுக்குள்தான், பிரேக் எப்போதும் விரலடியில். இன்றைய கிராவல் பைக்கின் பார் காற்றுக்குக் குனிவதற்காகத் தாழ்த்தி வைத்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஓட்டோவை இதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

சண்டை சூடு பிடித்த இடம் லெட்வில். கொலராடோ மலையில் 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் பழைய சுரங்க ஊர். 1994இலிருந்து அங்கே சுமார் 100 மைல் மவுண்டன் பைக் பந்தயம் நடக்கிறது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பெல்ட் பக்கிள் கிடைக்கும், 9 மணி நேரத்துக்குள் முடித்தால் பெரிய பக்கிள். இந்தப் பக்கிளுக்காக வருஷக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பாதை பெயருக்கு மவுண்டன் பைக் பாதை என்றாலும் பெரும்பகுதி மண் ரோடு, அகலமான ஜீப் தடம், கொஞ்சம் தார். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் ஓட்டுகிறவரின் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடும். குனிந்து, கைகளை ஒடுக்கி உட்கார்ந்தால் அதில் நல்ல மிச்சம். கணக்கு தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மவுண்டன் பைக் ஃபிரேம், மவுண்டன் பைக் டயர், முன்னால் சஸ்பென்ஷன், அதன் மேல் டிராப் பார் என்று ஒரு கலவையை முன்னணி வீரர்களே மாட்டிக்கொண்டு வந்தார்கள். 2025 போட்டிக்கு அமைப்பாளர்கள் டிராப் பாரைத் தடை செய்தார்கள். சொன்ன காரணம் பாதுகாப்பு.

அந்தக் காரணத்தைச் சாக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. லெட்வில் போன வழியே திரும்பி வரும் பாதை. 3,700 மீட்டருக்கு மேலே இருக்கும் கொலம்பைன் சுரங்கம் வரை ஏறி, அங்கே திரும்பி, அதே தடத்தில் இறங்க வேண்டும். முன்னணியில் இருப்பவர் வேகமாக இறங்கும்போது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே ஏறி வருகிறார்கள், பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. இறங்குகிறவரின் கை பிரேக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அந்த இடத்தில் அவருடைய சொந்த விஷயம் மட்டும் இல்லை. தேர்ந்த வீரர் சமாளிப்பார். அவரைப் பார்த்து, 9 மணி நேரக் கனவோடு போன மாதம் டிராப் பார் மாட்டியவர் சமாளிப்பாரா?

கவனியுங்கள், லெட்வில்லில் கிராவல் பைக் வந்து ஜெயித்துவிடும் என்ற பயம் எழவில்லை. தடை விழுந்தது ஒரு பாகத்தின் மேல், அதுவும் பெரும்பாலும் மவுண்டன் பைக்கில் மாட்டிய பாகத்தின் மேல். தடுக்க வேண்டுமானால் இப்படித்தான் தடுக்க வேண்டும் என்பது என் கட்சி. "கிராவல் பைக்" என்று பெயர் சொல்லித் தடுத்தால் வாசலில் சண்டைதான் வரும். இந்த மாதிரி பாதையில், இந்தப் பாகம், இந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று சொன்னால், பிடிக்காதவரும் புரிந்துகொள்வார்.

ஜெயித்துவிடுமே என்ற பயத்துக்கு வருவோம். அப்படி ஒரு மவுண்டன் பைக் பந்தயத்தில் சாதாரண கிராவல் பைக் ஜெயித்துவிட்டால், விசாரிக்க வேண்டியது பாதை போட்டவரை. கரடுமுரடான பாதை தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். டோக்கியோ ஒலிம்பிக்குக்காக இசுவில் போட்ட பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாறையிலிருந்து கீழே குதிக்க வேண்டிய ஓர் இடத்தில், பயிற்சியின்போது இருந்த சாய்வுப் பலகை போட்டியன்றும் இருக்கும் என்று எண்ணி இறங்கிய மேத்யூ வான் டெர் போல் முதல் சுற்றிலேயே தலைகுப்புற விழுந்தார். சைக்ளோகிராஸில் உலகப் பட்டங்களைக் குவித்தவர், ஏறியிருந்தது அசல் மவுண்டன் பைக். அந்தப் பாதைக்குக் கிராவல் பைக் தடை என்று தனியாக விதி எழுதுவது, ஆற்றில் ஆள் முழுகும் இடத்தில் "நடந்து கடக்காதீர்" என்று பலகை வைக்கிற மாதிரி.

ஓட்டுகிறவர்கள் இந்தச் சுவர்களைப் பெரிதாக மதிப்பதும் இல்லை. யு.சி.ஐ. 2022இல் இத்தாலியின் வெனெட்டோவில் நடத்திய முதல் கிராவல் உலகப் போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்றவர் பாலின் ஃபெரான்-பிரெவோ. அதே வருஷம் மவுண்டன் பைக் கிராஸ் கன்ட்ரி உலகப் பட்டமும் அவருடையதுதான்.

உச்சிப் போட்டிகளைப் பற்றி இவ்வளவு போதும். அங்கே விதி இருக்கிறது, எல்லோரும் அதன்படி வருகிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு அக்கறை கீழ்மட்டப் பந்தயங்கள் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு பேர் கூடும் போட்டியில் பலரிடம் இருப்பது ஒரே ஒரு சைக்கிள். அது கிராவல் பைக்காக இருந்தால் வராதே என்பதா? பல இடங்களில் சைக்ளோகிராஸ்காரர்கள் இந்த விஷயத்தில் தாராளமாக நடந்துகொள்கிறார்கள். உலகக் கோப்பையில் 33 மி.மீ. அளவுகோல் வைக்கும் அதே விளையாட்டில், உள்ளூர்ப் போட்டிக்கு மவுண்டன் பைக்கில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஹேண்டில்பார் முனையில் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் கழற்றச் சொல்வார்கள். புதியவர் ஒரு வருஷம் தப்பான சைக்கிளில் அல்லாடிவிட்டு, ருசி கண்டதும் சரியான சைக்கிள் வாங்கிக்கொள்வார். எந்த விளையாட்டும் இப்படித்தான் ஆள் சேர்த்திருக்கிறது.

அதே தாராளம் இந்தப் பக்கமும் இருக்கலாம், ஒரு சங்கடத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்தால். அது இறக்கத்தில் இல்லை, ஏற்றத்தில். மவுண்டன் பைக்கில் முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 51 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகரும். கிராவல் பைக்கில் முன்னால் 40, பின்னால் 44 என்றால் இரண்டு மீட்டர். கேட்க அரை மீட்டர்தான். கால் சோர்ந்து, சக்கரம் மண்ணில் வழுக்கும் செங்குத்தில் அந்த அரை மீட்டர்தான் ஓட்டுவதா, இறங்கித் தள்ளுவதா என்று முடிவு செய்கிறது. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் இறங்கினால் பின்னால் வரும் பத்துப் பேரும் இறங்க வேண்டியதுதான். கிராவல் பைக் மேல் மற்றவர்களுக்கு வரும் எரிச்சலில் பெரும்பகுதி இந்த இடத்தில் பிறக்கிறது, ஆனால் பேசும்போது மட்டும் பாதுகாப்பு, மரபு என்று வேறு பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். தீர்வு சுலபம். அவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பிவிட்டால் போதும். தொடக்கத்துக்கும் முதல் ஒற்றையடிப் பாதைக்கும் நடுவே அகலமான மண் ரோடு ஒரு கிலோமீட்டர் இருந்தால் கூட்டம் தானாகவே பிரிந்துவிடும். பரிசுப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பது சின்ன விஷயம். தனிப் பிரிவு வைத்துவிட்டால் அந்தப் பேச்சும் இல்லை.

பாரை வைத்துத் தடுக்கும் விதியைத்தான் நான் ஆதரிக்கிறேன் என்று சொன்னேன். அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, மறைப்பதற்கில்லை. அதே கிராவல் பைக்கின் டிராப் பாரைக் கழற்றிவிட்டு ஒரு நேர் பாரும் அதற்கேற்ற பிரேக் லீவரும் மாட்ட ஒரு மதியப் பொழுது போதும். 40 மி.மீ. டயர் அப்படியே இருக்கும், சஸ்பென்ஷன் கிடையாது, ஃபோர்க் 71 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும். பாரை மட்டும் பார்க்கிற விதிப்படி அது உள்ளே வரலாம். கையை எப்போதும் வளைவுக்குள் வைத்து ஓட்டப் பழகிய ஒருவர் ஓட்டோ மாதிரி ஒரு சைக்கிளில் வந்தால், வெளியே நிற்க வேண்டும்.